சிரப் கொடுத்தும் அம்மாவுக்கு மலம் போகவில்லை, அளவைக் கூட்டலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைப்பது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று சில மாதங்களாக அதற்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறைதான் மலம் போகிறது, அதுவும் முக்கி முக்கி. டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதி, இரவில் 15 மில்லி கொடுக்கச் சொன்னார். இரண்டு இரவு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது இரவு நானாகவே 30 மில்லி ஊற்றி, பக்கத்து வீட்டில் கொடுத்த பிசகோடில் மாத்திரை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலையிலிருந்து வயிற்றைப் பிசைந்து ஐந்து முறை பேதி. பயந்துபோன அம்மா இனி சிரப்பைத் தொடவே மாட்டேன் என்கிறார். நிறுத்தி நான்கு நாளாகிறது, திரும்பவும் மலம் போகவில்லை. இது ஈரல் நோய்க்குக் கொடுக்கிற மருந்து என்கிறார் உறவினர் ஒருவர். இவ்வளவு தித்திப்பாக இருக்கிறதே, சர்க்கரை ஏறாதா? பழகிவிட்டால் அப்புறம் இது இல்லாமல் மலமே போகாது என்கிறார்களே, உண்மையா? பாட்டிலில் சிரப்பின் நிறமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. என்ன செய்வது டாக்டர்?

பதில்: முதலில் அம்மாவின் பயத்தைப் போக்கிவிடலாம். அன்று விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் அந்த மாத்திரைகள்தான். பிசகோடில் குடலைத் தூண்டி, இறுகச் செய்து, மலத்தைத் தள்ள வைக்கிற மருந்து. இரவில் போட்டால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். அது தள்ளத் தொடங்கிய நேரத்தில் மூன்று இரவாகக் கொடுத்த சிரப்பும் குடலில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் அந்தப் பேதி. சிரப்பை மட்டும் சொன்ன அளவில் தொடர்ந்திருந்தால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சாதாரணமாகவே மலம் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். லாக்டுலோஸ் என்பது காலக்டோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளை இணைத்துச் செயற்கையாகத் தயாரிப்பது. இந்த இணைப்பை உடைக்கும் நொதி மனிதனின் சிறுகுடலில் இல்லை. அதனால் ஏறக்குறைய போட்டது போட்டபடி பெருங்குடல் வரை போய்ச் சேருகிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் இதை உண்டு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களும் மிச்சமிருக்கும் சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காய்ந்து இறுகிய மலம் ஊறி, பருமனாகி, நகரத் தொடங்குகிறது. இத்தனையும் நடக்க 24 முதல் 48 மணி நேரம் ஆகும், சிலருக்கு மூன்று நாள்கூட ஆகும். இரண்டாவது இரவு கொடுத்த டோஸ் மூன்றாம் நாள் சாயங்காலம் வரை வழியில்தான் இருந்திருக்கும். நீங்கள் அதற்குள் அளவை இரட்டிப்பாக்கிவிட்டீர்கள்.

இந்த சிரப் விஷயத்தில் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: இன்று கொடுத்த டோஸ் சரியா தவறா என்று நாளைக் காலையில் தீர்ப்பு எழுதாதீர்கள். குறைந்தது மூன்று நாள் ஒரே அளவில் கொடுங்கள். அதற்குப் பிறகு மலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1997-இல் வெளியான பிரிஸ்டல் மல அட்டவணை என்று ஒன்று உண்டு. மலத்தை அதன் தோற்றத்தை வைத்து ஏழு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, கொட்டை கொட்டையாகத் தனித்தனியாக விழுவது. ஏழாவது, வெறும் தண்ணீர். நமக்கு வேண்டியது நான்காவது வகை, அதாவது வழவழப்பாக, உடையாமல், முக்காமல் வருவது. தினமும் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எதுவும் இயல்புக்குள்தான் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்காவது வகையில் போனால் அம்மாவுக்கு அந்த அளவு போதும், கூட்ட வேண்டாம்.

இனி அளவு. இந்த சிரப் பெரும்பாலும் 15 மில்லியில் 10 கிராம் மருந்து என்ற செறிவில்தான் வருகிறது. பாட்டிலில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மலச்சிக்கலுக்கு வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லி. தேவைப்பட்டால் 60 மில்லி வரை டாக்டர்கள் ஏற்றுவதுண்டு. உங்கள் டாக்டர் 15-இல் ஆரம்பித்தது சரியான கணக்கு. அம்மாவின் வயதுக்கும் அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளுக்கும் மெதுவாகத்தான் ஏற வேண்டும். அந்த 15 மில்லியை மறுபடி தொடங்கச் சொல்வேன். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். வயிறு கல் மாதிரி உப்பியிருக்கிறதா, வாந்தி இருக்கிறதா, காற்றுக்கூடப் பிரியவில்லையா, வயிற்று வலி விட்டு விட்டு வந்து கூடிக்கொண்டே போகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் சிரப்போ வேறு எந்த மலமிளக்கியோ ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. குடலடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் நாளையிலிருந்தே 15 மில்லி கொடுக்கலாம். இரவில்தான் கொடுக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. இரவில் குடித்தால் வயிறு கடமுடா என்று உருண்டு தூக்கம் கெடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்களைக் காலை உணவோடு குடிக்கச் சொல்லிவிடுவேன். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் வழக்கமான அளவையே கொடுங்கள், இரட்டிப்பு வேண்டாம். மூன்று நாள் கழித்தும் அசைவில்லை என்றால் டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். அப்போதும் ஒரே தாவாக இரண்டு மடங்கு வேண்டாம், ஐந்து ஐந்து மில்லியாகக் கூட்டினால் போதும். அதற்குள் மலம் கூழ் மாதிரி போக ஆரம்பித்தால் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீராகவே போனால் ஒரு நாள் நிறுத்திவிட்டு, நின்ற பிறகு குறைந்த அளவில் தொடங்கலாம்.

15 மில்லி என்று சொன்னதை எதில் அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்க்கிறவர்களில் பலர் பாட்டிலின் சொந்த மூடியில் ஊற்றி "ஒரு மூடி" என்கிறார்கள், அல்லது சமையலறை ஸ்பூனில் மூன்று. ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு. கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் கப் பாட்டிலோடு வரும், வராவிட்டால் மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். கப்பைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் மேசையில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து ஊற்றுங்கள். இந்த சிரப் நல்ல கெட்டி. அம்மா குடித்த பிறகு கப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதையும் குடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளந்தது ஒன்று, உள்ளே போனது ஒன்று. தித்திப்பு திகட்டினால் முழு டோஸையும் தண்ணீரில் கலந்தே கொடுக்கலாம். வாயில் வைத்துச் சப்பிக் கொண்டிருக்காமல் விழுங்கிவிட்டு வாய் கொப்பளித்தால் பல்லுக்கும் நல்லது.

சர்க்கரை பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. தித்திப்பு நிஜம்தான், ஆனால் அந்தத் தித்திப்பில் பெரும்பகுதி ரத்தத்துக்குப் போவதே இல்லை. மேலே சொன்னேனே, சிறுகுடலில் உடையாது என்று. உடையாததை உடல் உறிஞ்சவும் முடியாது. சிரப் தயாரிக்கும்போது கூடவே கொஞ்சம் காலக்டோஸும் லாக்டோஸும் தங்கிவிடும். அவை உறிஞ்சப்படும், ஆனால் 15 மில்லியில் எல்லாம் சேர்ந்து சில கிராமுக்கு மேல் போகாது. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அளவில் பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு இதனால் பெரிய மாற்றம் வராது. முதல் ஒரு வாரம் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாகச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஏறுகிறது என்று தெரிந்தால் டாக்டரிடம் சொன்னால் வேறு வகை மலமிளக்கிக்கு மாற்றுவார். கேலக்டோசீமியா என்று பிறவியிலேயே வரும் அரிய கோளாறு ஒன்று உண்டு. அது இருப்பவர்கள் மட்டும் இந்த சிரப்பைத் தொடவே கூடாது.

உங்கள் உறவினர் சொன்னதும் பொய்யில்லை. ஈரல் சுருங்கி, ரத்தத்தில் அமோனியா சேர்ந்து, அதனால் மூளை குழம்பிப்போகிறவர்களுக்கு 1966-லிருந்தே இதைக் கொடுத்து வருகிறார்கள். அவர்களுக்கான அளவே வேறு: ஒரு வேளைக்கு 30 முதல் 45 மில்லி, அதுவும் நாளுக்கு மூன்று நான்கு வேளை. தினமும் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதுதான் அங்கே குறிக்கோள். அவர்கள் பேதி பயந்து சிரப்பைத் தாங்களாக நிறுத்தினால் மயக்கம் வரை போய்விடும். அம்மாவுக்கு எழுதியிருப்பது மலச்சிக்கல் அளவு. டாக்டர் ஈரல் நோயை மறைக்கிறார் என்று யாரும் கலங்க வேண்டாம். இணையத்தில் மருந்தின் பெயரைத் தட்டினால் முதலில் ஈரல்தான் வந்து நிற்கும், அதனால் இந்தக் கலவரம் எனக்குப் புதிதில்லை.

பழகிவிடும் என்பதை எல்லா மலமிளக்கிக்கும் ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். லாக்டுலோஸ் குடல் நரம்பைத் தூண்டுவதில்லை, தண்ணீரைப் பிடித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. மாதக்கணக்கில் எடுத்தாலும் குடல் இதற்கு அடிமையாகிவிடாது. நிறுத்தியதும் மலச்சிக்கல் திரும்பினால், அதை உண்டாக்கிய காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். பழகுவது வேறொன்று உண்டு, அது நல்லது: முதல் சில நாள் காற்று நிறையப் பிரியும், வயிறு உப்பும். பாக்டீரியாக்கள் இந்த உணவுக்குப் பழகப் பழக அது தானாகக் குறைந்துவிடும். காற்று பிரிவதைக் கண்டு இரண்டாம் நாளே பாட்டிலை மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண்ணை நிறுத்தியது சிரப் அல்ல, இரும்பு மாத்திரை. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இரும்பு மாத்திரை மலத்தை இறுக்கும், கறுப்பாகவும் ஆக்கும். மலச்சிக்கல் தொடங்கியது அந்த மாத்திரைக்கு முன்பா பின்பா என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பின்பு என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாமா, வேறு வகைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஆனால் முன்பே தொடங்கியிருந்தால், அல்லது நினைவில்லை என்றால், இன்னொரு கேள்வி வருகிறது. மாதவிலக்கு நின்று பல வருடமான ஒருவருக்கு இரும்புச்சத்து ஏன் குறைந்தது? உணவில் குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. இந்த வயதில் அப்படி விட்டுவிடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிந்தாலும் இரும்பு இப்படித்தான் குறையும். அதோடு மலம் போகும் பழக்கமும் புதிதாக மாறியிருக்கிறது என்றால் பெருங்குடலை உள்ளே பார்த்துவிடுவது நல்லது. கொலோனோஸ்கோபி என்கிற குழாய்ப் பரிசோதனை அதற்குத்தான். ஏற்கெனவே செய்திருந்தால் நிம்மதி. செய்யவில்லை என்றால், "இரும்பு ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்தாயிற்றா?" என்று அடுத்த முறை அம்மாவின் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் மூலம், வயிற்றுப்புண் போன்றவைதான் காரணமாக இருக்கும். ஆனால் சிரப்பால் மலம் ஒழுங்காகப் போக ஆரம்பித்ததும் எல்லோரும் இந்தக் கேள்வியை மறந்துவிடுவார்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், தார் போல் ஒட்டிக்கொண்டு நாற்றமடிக்கிற கறுப்பு மலம், இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த முறை வரை காத்திருக்காதீர்கள். இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. பரிசோதனைக்கு நாள் குறித்தால் லாக்டுலோஸ் எடுப்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இது குடலில் எரியக்கூடிய வாயுவை உண்டாக்கும், உள்ளே மின்சாரத்தால் சுட வேண்டி வந்தால் அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் கவனித்த இன்னொரு மாத்திரை, நீர் பிரிய வைப்பது. அது சிறுநீர் வழியாகத் தண்ணீரையும், வகையைப் பொறுத்துப் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பேதியும் அதையேதான் செய்யும். அன்று ஐந்து முறை போனதோடு நின்றது நல்லதாயிற்று. இனி எப்போதாவது இரண்டு நாளுக்கு மேல் தண்ணீராகப் போனால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், கெண்டைக்கால் இழுத்தால், நெஞ்சு படபடத்தால், வழக்கத்துக்கு மாறாகத் தடுமாறிப் பேசினால், சிரப்பை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீர் பிரியும் மாத்திரையையும் சில சர்க்கரை மாத்திரைகளையும் அப்போது தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம், அதை அவர்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிப்பதற்கு யாரும் கட்டுப்பாடு சொல்லவில்லை என்றால் நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கட்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

அந்தப் பக்கத்து வீட்டு மாத்திரைக்கு வருகிறேன். பிசகோடில் கெட்ட மருந்து இல்லை, நானே எழுதுகிறேன். ஆனால் யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்ற கணக்கோடுதான். சிரப்புகளிலும் அதே கதை. மலச்சிக்கலுக்கு என்று கடையில் வாங்கும் சிரப் எல்லாம் லாக்டுலோஸ் கிடையாது. சோடியம் பிக்கோசல்ஃபேட் பிசகோடில் மாதிரியே குடலைத் தூண்டும். லிக்விட் பாரஃபினும் மக்னீசியாவும் கலந்தது வேறொரு ரகம்: பாரஃபின் எண்ணெய் என்பதால் படுத்த வாக்கில் குடித்துப் புரையேறினால் நுரையீரலுக்குக் கேடு, மக்னீசியம் சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு உடம்பில் தங்கிவிடும். "அது இல்லை, இது இருக்கிறது, இதுவும் அதுதான்" என்று கடையில் மாற்றிக் கொடுத்தால் பாட்டிலின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். அம்மாவின் பாட்டிலை வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு வயதையும் எடையையும் வைத்து வேறு கணக்கு.

நான்கு நாள் போகாமலிருந்து, இப்போது திடீரென்று உள்ளாடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மலம் கசிகிறது என்றால் அதைப் பேதி என்று நினைத்து ஏமாறாதீர்கள். கீழே கட்டியாக அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றி மேலிருக்கும் நீர் வழிந்து வருவது அது. மேலிருந்து சிரப்பை ஊற்ற ஊற்றக் கசிவுதான் கூடும். முதலில் கீழே இருப்பதை எனிமாவாலோ ஆசனவாயில் வைக்கும் மருந்தாலோ எடுக்க வேண்டியிருக்கும், அதை டாக்டரோ செவிலியரோ பார்த்துச் செய்யட்டும்.

காலை உணவு முடிந்த அரைமணிக்குள் குடல் தானாகவே சுறுசுறுப்பாகும். அந்த நேரத்தில் அம்மா பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரட்டும். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி வையுங்கள், முட்டி இடுப்பைவிட மேலே வரும்படி. சிரப் பாதி, இது பாதி. நார்ச்சத்தைக் கூட்டுவதும் நல்லதுதான், ஆனால் அடைத்திருக்கிற வயிற்றில் முதல் நாளே அள்ளிப் போட்டால் உப்புசம்தான் மிஞ்சும். மலம் நகர ஆரம்பித்த பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

எத்தனை நாள் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இரண்டு வாரம் நான்காவது வகையில் ஒழுங்காகப் போனால், டாக்டரிடம் சொல்லிவிட்டு அளவைப் பத்து, ஐந்து என்று இறக்கிப் பார்க்கலாம். இறக்கும்போதும் ஒவ்வொரு படியிலும் நாலைந்து நாள் பொறுக்க வேண்டும். இரும்பு மாத்திரை தொடர்கிற வரை குறைந்த அளவு சிரப்பும் கூடவே தேவைப்படலாம், அதில் தவறில்லை.

நிறம் மாறியதைப் பற்றி: லாக்டுலோஸ் நாள் ஆக ஆக வெளிர் மஞ்சளிலிருந்து கொஞ்சம் கருக்கும். சர்க்கரைக் கரைசலுக்கு அது இயல்பு, மருந்தின் வீரியம் குறைவதில்லை. மிகவும் கருத்தோ கலங்கியோ இருந்தால், அல்லது காலாவதித் தேதி தாண்டியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள். உறைய விடக் கூடாது, வெயில் படாத அலமாரி போதும். மூடியின் மரையில் ஒட்டுகிற சிரப்பை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் திறக்க வராது.